ரிபிள்ஹெட் பாலத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் ரயில் தடங்களைப் பராமரித்துவரும் நெட்வொர்க் ரயில் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கும், அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் அமைப்பினருக்கும்,

வணக்கம்.

வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைநாட்டில், வெர்ன்சைடு, இங்கிள்பரோ, பென்-இ-கென்ட் ஆகிய மூன்று மலைகளுக்கு நடுவே கிடக்கும் பேட்டி மாஸ் என்னும் சதுப்பு நிலத்தைக் கடந்து நிற்கிறது ரிபிள்ஹெட் வளைவுப் பாலம். செட்டில் நகரையும் கார்லைல் நகரையும் இணைக்கும் தடத்தில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 1876 மே மாதத்தில். அதன் 150 ஆண்டு நிறைவை ஒட்டிய இக்காலத்தில், தடங்களையும் வண்டிகளையும் ஒரே பொது அமைப்பின் கீழ்க் கொண்டுவரும் ஏற்பாடும் நடந்துவருகிறது. நிர்வாகம் கைமாறும் காலத்தில் பழைய கட்டுமானங்கள் கணக்கேட்டில் வெறும் செலவினங்களாக மாறிப்போவது உண்டு. அந்த அச்சமே இம்மடலை எழுதவைத்தது.

இதனைத் தமிழில் எழுதுகிறேன். இத்தீவில் தமிழ் பேசிக்கொண்டு வாழ்வோர் பல்லாயிரம் பேர் இருக்கிறோம். நாங்கள் செலுத்தும் வரியும் வாங்கும் பயணச்சீட்டும் இத்தடத்துக்கும் போய்ச் சேர்கின்றன. விக்டோரியா காலத்துக் கட்டடக்கலை பற்றிய அக்கறை இந்நாட்டில் பிறந்து வளர்ந்த சிலருக்கு மட்டுமே உரியதன்று என்பதைத் தாங்கள் அறியவேண்டும். அதே சமயம், நாம் வாழும் நாட்டின் மரபுச் சின்னங்களுக்காகக் குரல் கொடுக்கும் கடமை நமக்கும் உண்டு என்பதை என் மொழியினரும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆகவே இம்மடல் தங்களுக்கு எழுதப்பட்டது. அவர்கள் படிப்பதற்காகவும் எழுதப்பட்டது. ஆங்கில வடிவம் தனியே தங்கள் அலுவலகத்துக்கு வந்துசேரும்.

என் வேண்டுகோளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ரிபிள்ஹெட் பாலத்தைக் காட்சிப்பொருளாக அன்றி, ஓடும் ரயிலின் பாலமாகவே காக்கவேண்டும். அந்தக் காவலுக்கு வேண்டிய சுண்ணாம்பையும் கொத்தனார்களையும் கணக்கு வழக்கின் வெளிப்படைத்தன்மையையும் புதிய அமைப்பின் நிலையான ஏற்பாடாக எழுதி வைக்கவேண்டும். பாலத்தின் அடியில் வாழ்ந்து மாண்ட தொழிலாளர்களின் குடியிருப்பை, பாலத்தோடு சேர்த்து ஒரே மரபாகக் கொள்ளவேண்டும். இவை ஏன் என்பதை விளக்குவதே மீதி மடல்.

பாலத்தின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதன் பெருமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நீளம் 440 கெஜம், அதாவது ஏறத்தாழ 400 மீட்டர். உயரம் 104 அடி. ஒவ்வொன்றும் சுமார் 45 அடி அகலமுள்ள 24 வளைவுகள். இத்தடத்திலுள்ள பாலங்களில் இதுவே நீளமானது. ஆனால் உயரமானது இதுவன்று. அப்பெருமை வடக்கே ஸ்மார்டேலில் உள்ள பாலத்தைச் சேரும். தூண்கள் பெரும் பெரும் சுண்ணாம்புக் கற்களால் ஆனவை. அக்கற்களின் முகம் இழைத்து மழமழப்பாக்கப்படாமல், உளி பட்ட முரட்டுத்தனத்தோடு விடப்பட்டிருக்கிறது. வளைவுகளின் உட்புறமோ செங்கல்; அதற்கு 15 லட்சம் செங்கற்கள் செலவாயின என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. தூண்கள் அடியில் பருத்து, மேலே செல்லச் செல்ல மெல்லியவையாகக் குறுகுகின்றன. எட்ட நின்று பார்ப்பவருக்கு அத்தனை கனமான கட்டுமானம் நிலத்தை அழுத்தாமல் எழுந்து நிற்பதுபோலத் தோன்றுவதற்கு இந்தச் சரிவே காரணம்.

இப்பாலத்தில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. இதற்கு ஒரு தலைமுறை முன்பு, 1841இல், லண்டனிலிருந்து பிரைட்டன் செல்லும் தடத்தில் கட்டப்பட்ட ஊஸ் பள்ளத்தாக்குப் பாலத்தை எடுத்துக்கொண்டால், அதன் இரு முனைகளிலும் டேவிட் மொக்காட்டா என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சிறு மண்டபங்கள் நிற்கின்றன. மேலே கல் கைப்பிடிச் சுவர் அழகாக ஓடுகிறது. ரயில் என்பது புதுமையாக இருந்த அந்நாளில், பயணிகளுக்கும் நிலக்கிழார்களுக்கும் அது கண்ணியமான ஒன்றாகத் தெரியவேண்டும் என்ற கவலை இருந்தது. ரிபிள்ஹெட்டைக் கட்டியவர்களுக்கு அக்கவலை இல்லை. இத்தடத்தை அமைத்த மிட்லண்ட் ரயில்வே நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஜான் கிராஸ்லி, அந்த மலைநாட்டில் எது தாங்குமோ அதை மட்டும் கட்டினார். விக்டோரியா காலக் கட்டடக்கலை என்றாலே பூ வேலைப்பாடும் கூரிய கோபுரமும் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அக்காலத்தின் மிகச் சிறந்த கட்டடங்களுள் சில, இப்படிப் பொறியாளர் கையில் பிறந்த அலங்காரமற்ற கட்டுமானங்களே என்பது என் துணிபு.

கிராஸ்லியின் அறிவு எங்கே தெரிகிறது என்றால், தூண்களின் பருமனில் தெரிகிறது. பாலத்தின் ஓரமாக நடந்துகொண்டே தூண்களை எண்ணுபவர், ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றைவிடப் பாதி அளவு கூடுதலாகப் பருத்திருப்பதைக் காண்பார். ஒரு வளைவு தன் பளுவைக் கீழ்நோக்கி மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இரு புறமும் வளைவுகள் இருக்கும்வரை, ஒன்றின் தள்ளலை மற்றொன்று எதிர்த்துத் தள்ளிச் சமன் செய்துவிடுவதால், நடுவிலுள்ள தூண் மெல்லியதாக இருந்தாலும் நிற்கும். ஆனால் ஒரு தூண் சரிந்தால் இந்தச் சமநிலை கெட்டு, அடுத்த தூண், அதற்கடுத்த தூண் என்று வரிசையாகச் சாயத் தொடங்கும். அந்தச் சரிவைத் தடுத்து நிறுத்தவே இடையிடையே பருத்த தூண்கள் வைக்கப்பட்டன. ஒரு பகுதி வீழ்ந்தாலும் மீதிப் பாலம் நிற்கும். தன் வேலை தோற்றுப்போகக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பார்த்து, தோற்றாலும் சேதம் ஓரிடத்தில் அடங்கவேண்டும் என்று திட்டமிட்ட பொறியாளரின் பணிவை அந்தத் தூண்களில் காண்கிறேன்.

நிலத்துக்குக் கீழேயும் இதே அக்கறை உண்டு. பேட்டி மாஸ் என்பது புல்லும் பாசியும் நூற்றாண்டுக் கணக்கில் மக்கிக் கருஞ்சேறாகிப்போன நிலம். கால் வைத்தால் அழுந்தும். அதை ஏறத்தாழ 25 அடி ஆழம்வரை தோண்டிப் பாறையைக் கண்ட பிறகே கடைக்கால் போடப்பட்டது. கம்பளிப் பொதிகளின் மேல் இப்பாலம் நிற்கிறது என்றொரு கதை அப்பகுதியில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவருகிறது. கம்பளி வாணிகத்தில் சேர்ந்த செல்வம் இத்தடத்துக்குப் போனதைத்தான் அக்கதை குறிக்கிறது என்பாரும் உண்டு. எப்படியாயினும், பாலத்தைத் தாங்குவது பாறைதான்.

இவ்வளவு சிரமப்பட்டு இந்த ஆளற்ற மலைப்பகுதியில் தடம் போட வேண்டிய தேவை என்ன என்று கேட்கத் தோன்றும். மிட்லண்ட் நிறுவனத்துக்கு ஸ்காட்லாந்து செல்லத் தனக்கென ஒரு வழி இல்லை; போட்டி நிறுவனமான லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்னின் தயவை நம்பியிருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிணக்கில்தான் 1866இல் நாடாளுமன்றத்தின் அனுமதியைப் பெற்றது. பின்னர்ப் போட்டியாளருடன் உடன்பாடு ஏற்பட்டு, திட்டத்தைக் கைவிட அனுமதி வேண்டியபோது, 1869இல் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. வேறு வழியின்றி அவ்வாண்டின் இறுதியில் வேலை தொடங்கியது. 72 மைல் தடம். விரைவு வண்டிகள் வேகம் குறையாமல் செல்லவேண்டும் என்பதற்காக, நூறு அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறாத சரிவு. அந்த விதியை மலைநாட்டில் காப்பாற்ற வேண்டுமானால், பள்ளங்களில் பாலமும் மேடுகளில் சுரங்கமும் தவிர வேறு வழியே இல்லை. ரிபிள்ஹெட் பாலத்தைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே 2,629 கெஜ நீளமுள்ள பிளே மூர் சுரங்கம் வாய் திறப்பதற்கும் இதுவே காரணம்.

பாலத்தின் முதற்கல் 1870 அக்டோபர் 12 அன்று வைக்கப்பட்டது. இறுதிக் கல் 1874இல். அந்த நான்காண்டுகளில் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் பாலத்தைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது. 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பலர் மனைவி மக்களோடு, அந்தச் சதுப்பு நிலத்தில் மரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். கொட்டகைகள் கூடிக் குடியிருப்புகளாயின. செபஸ்டபோல், இன்கர்மன் என்று கிரிமியப் போர்க்களங்களின் பெயர்களையும், ஜெரிக்கோ, ஜெருசலேம் என்று விவிலிய நகரங்களின் பெயர்களையும் அவற்றுக்கு வைத்தார்கள். லண்டனின் செல்வர் குடியிருப்பான பெல்கிரேவியாவின் பெயரைத் தாங்கியதும் ஒன்று. பள்ளிக்கூடம் இருந்தது, மருத்துவமனை இருந்தது, அஞ்சலகமும் வழிபாட்டுக் கூடமும் இருந்தன. அங்கேயே சூளை போட்டுச் செங்கல் அறுத்துச் சுட்டார்கள். அருகிலிருந்த ஓடைப் படுகையில் கல் உடைத்து, சிறு தண்டவாளம் போட்டுக் கொண்டுவந்தார்கள். மரச் சாரம் கட்டி, அதன் மேல் வளைவுக்கான சென்ட்ரிங் அமைத்து, கடும் குளிரிலும் நிற்காத காற்றிலும் கல்லைக் கல்லோடு சேர்த்தார்கள்.

அக்காற்று எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும்: 1964இல் பாலத்தைக் கடந்த சரக்கு வண்டி ஒன்றிலிருந்து புத்தம் புதிய கார்களைக் காற்று பெயர்த்துக் கீழே எறிந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நூறடி உயரத்துச் சாரத்தில் நின்று வேலை செய்தவர்களின் நிலையைத் தாங்களே எண்ணிப்பாருங்கள். பாலம் கட்டும் வேலையில் ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. 1871இல் பரவிய பெரியம்மை, கொட்டகைகளில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் கொண்டுபோனது. அருகிலுள்ள சேப்பல்-லி-டேல் என்னும் சிற்றூரின் புனித லெனார்டு ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 200 பேர் புதைக்கப்பட்டார்கள். இடம் போதாமல் தோட்டத்தை விரிவாக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆலயத்தின் சுவரில் ஒரு சலவைக்கல் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. செட்டிலுக்கும் டென்ட் ஹெட்டுக்கும் இடையிலான ரயில் வேலைகளில் விபத்துகளால் உயிரிழந்தவர்களின் நினைவாக, 1869 முதல் 1876 வரையிலான ஆண்டுகளைக் குறித்து, அவர்களுடைய உடன்தொழிலாளர்களும் மிட்லண்ட் நிறுவனமும் செலவைப் பகிர்ந்துகொண்டு அதனை வைத்தார்கள் என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. செலவில் பங்கு கொடுத்தவர்கள் நாட்கூலிக்கு மண் வெட்டியவர்களும் கல் சுமந்தவர்களும் என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அப்பலகையில் இறந்தவர் ஒருவரின் பெயரும் இல்லை. யாருடைய நினைவு என்பதை அது மொத்தமாகத்தான் சொல்கிறது. கிராஸ்லியின் பெயரையும், மிட்லண்ட் நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்த ஜேம்ஸ் ஆல்போர்ட்டின் பெயரையும் நாம் அறிவோம், அறிந்திருப்பது நியாயமே. கல்லைத் தூக்கியவர்களின் பெயர்களும் ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் இருக்கின்றன. அவை பதிவேட்டைத் தேடிப் போகும் ஆய்வாளருக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

இன்று பேட்டி மாஸில் நடப்பவரின் காலடியில் கோரைப்புல் மூடிய மேடுகளும் நீண்ட பள்ளங்களும் தட்டுப்படும். செங்கற்சூளை இருந்த இடம், சிறு தண்டவாளம் ஓடிய கரை, கொட்டகைகளின் அடித்தளம் என்று தெரிந்தவர் சொன்னால்தான் அவை புலப்படும்; தெரியாதவருக்கு வெறும் மேய்ச்சல் நிலம். சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் நிலம் என்பதை அறிவேன். பாலத்துக்கும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் நட்சத்திரக் குறியிட்ட (Grade II*) இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று கட்டடமாகவும் மற்றொன்று தொல்லியல் நிலமாகவும் இரு வேறு பட்டியல்களில் பிரிந்து கிடப்பதால், பாலத்தைப் படமெடுக்க வரும் பெருங்கூட்டம் அதன் அடியில் ஓர் ஊரே இருந்தது என்பதை அறியாமல் அதன் மேலேயே நடந்து போய்விடுகிறது.

இனி, தங்கள் நிர்வாகத்தோடு நேரடியாகத் தொடர்புடைய வரலாற்றுக்கு வருகிறேன். இப்பாலம் இன்று நிற்பது தானாக நடந்ததன்று. 1960களிலேயே இத்தடத்தின் பயணிகள் சேவையை நிறுத்தப் பரிந்துரை வந்தது. 1970இல் செட்டில், ஆப்பிள்பி ஆகிய இரண்டைத் தவிர இடையிலிருந்த நிலையங்கள் மூடப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் முழுத் தடத்தையும் மூடிவிட அந்நாளைய அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரயில் முன்வந்தபோது, அதற்கு முதன்மையான காரணமாகக் காட்டப்பட்டது ரிபிள்ஹெட் பாலம்தான். பாலம் சிதைந்துவிட்டது, அதைச் சீர்செய்ய 60 லட்சம் பவுண்டு வரை ஆகும் என்றெல்லாம் மதிப்பீடுகள் வந்தன. பாலத்தின் மேல் பளு குறையவேண்டும் என்று 1985இல் இரட்டைத் தடம் ஒற்றைத் தடமாக்கப்பட்டது. இன்றும் அப்படியே இருக்கிறது.

அதற்கு எதிராக மக்கள் எழுந்தார்கள். செட்டில்-கார்லைல் தடத்தின் நண்பர்கள் என்னும் அமைப்பு 1981இல் உருவானது. மூடும் அறிவிப்புக்கு 20,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன; அவற்றுள் ஒன்று ரஸ்வார்ப் என்னும் நாயின் பாதச் சுவடு பதிந்தது, சீட்டு வாங்கிப் பயணம் செய்த நாய் என்பதால் அதுவும் ஏற்கப்பட்டது. தடத்தை மூடும் பணிகளைக் கவனிக்க நியமிக்கப்பட்ட ரான் காட்டன் என்னும் அதிகாரி, தடம் இருக்கும்வரை அதை நன்றாக நடத்துவதே தன் வேலை என்று எண்ணிச் செயல்பட்டார். வண்டிகளைக் கூட்டினார், மூடிய நிலையங்கள் எட்டைத் திறக்க வழி செய்தார். 1983இல் 93,000ஆக இருந்த பயணங்களின் எண்ணிக்கை 1989க்குள் 4,50,000ஆக உயர்ந்தது. போக்குவரத்து இணையமைச்சராக இருந்த மைக்கேல் போர்ட்டில்லோவின் முயற்சியும் சேர, 1989 ஏப்ரல் 11 அன்று தடத்தை மூடும் திட்டம் கைவிடப்பட்டதாக அரசு அறிவித்தது. பின்னர் நடந்த சீரமைப்பு, அஞ்சிய தொகையைவிடக் குறைவான செலவிலேயே முடிந்தது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கடைசி வரியை. மூடுவதற்கான வாதம் ஒரு செலவு மதிப்பீட்டின் மேல் நின்றது. அந்த மதிப்பீட்டைப் பொதுமக்களும் வெளியிலிருந்த பொறியாளர்களும் ஆராய்ந்து கேள்வி கேட்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இடையில் பாலத்தையே இழந்துவிடக்கூடிய நிலை வந்துவிட்டது. ஆகவே பாலத்தின் நிலை பற்றிய ஆய்வறிக்கைகளும், அடுத்தடுத்த சீரமைப்புகளுக்கான மதிப்பீடுகளும், உண்மையில் ஆன செலவும் ஒரே இடத்தில், யாரும் படிக்கும்படி, குறித்த கால இடைவெளியில் வெளியிடப்படவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மேல் ஐயம் கொண்டு இதைக் கேட்கவில்லை. 2016 பிப்ரவரியில் ஈடன் பிரவ்ஸ் என்னுமிடத்தில் மலைச்சரிவு பெயர்ந்து தடம் நின்றுபோனபோது, 2.3 கோடி பவுண்டு செலவிட்டு 2017 மார்ச் இறுதியில் அதைத் திறந்தவர்கள் தாங்களே. 2020ஆம் ஆண்டின் இறுதியில் இதே ரிபிள்ஹெட் பாலத்தில் சீரமைப்பைத் தொடங்கியவர்களும் தாங்களே. நல்ல நிர்வாகம் இருக்கும் காலத்தில் எழுதிவைக்கும் விதிதான், அக்கறையற்றவர்கள் கைக்குப் பொறுப்பு போகும் காலத்தில் பாலத்தைக் காக்கும்.

இத்தடத்துக்குக் கிழக்கே, அதிகத் தொலைவில் இல்லாத பெலா பாலத்துக்கு அத்தகைய காவல் கிடைக்கவில்லை. தாமஸ் பௌச் வடிவமைத்த அந்த இரும்புப் பாலம் 196 அடி உயரத்தில் நின்றது. 1962இல் தடம் மூடப்பட்டது; 1963இல் பாலத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். இன்று இரு கரைகளிலும் பாலத்தின் முனைகளைத் தாங்கிய கல் முட்டுச் சுவர்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. அதே பௌச்சின் மற்றொரு படைப்பான ஸ்மார்டேல் கில் பாலம் (முன்பு சொன்ன ஸ்மார்டேல் பாலம் வேறு), வண்டி நின்றுபோன பிறகு தன்னார்வலர்களின் உழைப்பால் நடைபாதையாகப் பிழைத்திருக்கிறது. அவர்களைப் போற்றுகிறேன். ஆயினும் வண்டி ஓடாத பாலத்தைக் காக்க ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக நிதி திரட்டவேண்டும். வண்டி ஓடும் பாலத்தைப் பார்வையிட்டே ஆகவேண்டும், பழுது பார்த்தே ஆகவேண்டும். ரிபிள்ஹெட்டுக்கு வாய்த்திருக்கும் பெரும்பேறு அதுவே.

எனவே ரிபிள்ஹெட் நிலையத்தில் நின்று செல்லும் பயணிகள் வண்டிகளைக் குறைக்காதீர்கள். இத்தடத்தில் செல்லும் கல் ஏற்றிய சரக்கு வண்டிகளை வேறு வழிக்குத் திருப்பாதீர்கள். 2016இல் ஆர்கோ கல்குவாரிக்குத் தடத்தை மீண்டும் இணைத்தது நல்ல முன்மாதிரி. அதனால் சிற்றூர்களின் குறுகிய சாலைகளில் லாரிகள் குறைந்தன, தடத்துக்கும் வேலை கிடைத்தது. பாலத்தைப் பார்க்க வருவோரில் மிகப் பலர் காரில் வந்து சாலையோரம் நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்பதை அங்கு செல்லும்போதெல்லாம் காண்கிறேன். படம் எடுக்கும் ஆர்வத்தோடு ஒரு முறையேனும் அதன் மேல் பயணம் செய்யும் ஆர்வத்தையும் தூண்டும் வகையில், லீட்ஸிலிருந்தும் கார்லைலிலிருந்தும் வண்டி நேரங்களையும் கட்டணங்களையும் அமைப்பது தங்கள் கையில் இருக்கிறது. இதைப் படிக்கும் தமிழ் நண்பர்களிடமும் அதையே வேண்டுகிறேன்: போவதானால் ரயிலில் போங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டிய பாலத்துக்கு முதற்பகை வண்டியின் பளுவன்று, தண்ணீர். மேலே ஜல்லிக்கு அடியில் இறங்கும் மழைநீர் வடிகாலில் போகாமல் வளைவுக்குள் கசிந்தால், சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். குளிர்காலத்தில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். தூணருகே சென்று பார்ப்பவர், கல்லிணைப்புகளின் கீழே வெள்ளைக் கோடுகளாகச் சுண்ணாம்பு ஒழுகிக் காய்ந்திருக்கும் தடங்களை இத்தகைய பாலங்களில் காணலாம். அத்தகைய இணைப்பைச் சிமென்ட் பூசி அடைத்துவிட்டால் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி, சிமென்ட் அப்படியே நிற்க, அதைச் சுற்றியுள்ள கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. ஈரத்தை வெளியேற விடும். கட்டடம் சிறிது அசைந்தாலும் இணங்கிக்கொடுக்கும். பழுதாவதானால் கல்லுக்கு முன் தான் பழுதாகும். இந்த உண்மை தமிழ்நாட்டில் பழங்கோயில் திருப்பணிகளைக் கவனித்தவர்களுக்குப் புதிதன்று. சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தில் நின்ற சுவர்களைச் சிமென்ட் கொண்டு பூசியபின் அவை பொரிந்துபோனதைக் கண்டு வருந்தியவர்கள் நம்மில் பலர். கண்டம் வேறானாலும் கல்லின் இயல்பு ஒன்றே.

ஆதலால் இப்பாலத்தில் நடக்கும் எந்தப் பழுதுபார்ப்பிலும், அவசர வேலை என்ற பெயரிலும்கூட, வெளித்தெரியும் கல்லிணைப்பில் சிமென்ட் சேர்க்கப்படாது என்பதை ஒப்பந்த விதியாகவே எழுதிவைக்க வேண்டுகிறேன். அதைவிட முக்கியமானது ஆள். சுண்ணாம்புச் சாந்தைச் சரியான பதத்தில் குழைக்கவும், குளிர் வருவதற்குமுன் அது இறுகும்படி காலம் பார்த்துப் பூசவும், பழைய கல்லுக்கு இணையான கல்லை அடையாளம் கண்டு செதுக்கிப் பொருத்தவும் தெரிந்தவர்கள், ஒரு வேலைக்கு மட்டும் ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களாக இருந்தால், அந்தத் திறமை அவ்விடத்தில் தங்காது. செட்டில்-கார்லைல் தடத்தில் மட்டுமே ரிபிள்ஹெட், டென்ட் ஹெட், ஆர்ட்டன் கில், ஸ்மார்டேல் என்று இத்தனை கற்பாலங்கள் இருக்கின்றன. ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கினாலே ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். அப்பகுதியின் இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் நிலையான கொத்தனார் குழு ஒன்றை இத்தடத்துக்கென அமைப்பது, செலவைக் கூட்டுவதாகத் தோன்றினாலும், சிறு பழுதைச் சிறிதாக இருக்கும்போதே கண்டு சரிசெய்ய உதவும். 1980களில் பெருந்தொகையாக நின்று பயமுறுத்தியது, பல்லாண்டுகளாகச் செய்யாமல் விட்ட சிறு வேலைகளின் கூட்டுத்தொகைதான்.

நிறைவாக, பேட்டி மாஸ் குடியிருப்பு. அந்த நிலம் முழுவதும் தங்கள் பொறுப்பில் இல்லை என்பதையும், யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா ஆணையமும் மரபுச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனமும் இதில் கலந்துகொள்ள வேண்டும் என்பதையும் அறிவேன். ஆயினும் பாலம் தங்களுடையது. அதைக் கட்டியவர்களின் முதலாளியாக இருந்த நிறுவனத்தின் வழித்தோன்றல்களும் தாங்களே. முதல் அடியைத் தாங்களே எடுத்து வைக்கலாம். கோரைப்புல்லுக்கு நடுவே பெரிய கட்டடம் எதையும் எழுப்பவேண்டாம். அந்த வெட்டவெளியே அவ்விடத்தின் அழகு. நிலையத்திலிருந்து பாலத்துக்குச் செல்லும் பாதையில், சூளை எங்கே, கொட்டகை வரிசை எங்கே, பள்ளி எங்கே என்று காட்டும் தாழ்ந்த கல் குறிகள் சிலவற்றை, தொல்லியல் அறிஞர்களின் ஒப்புதலோடு வைத்தால் போதும். அதோடு, ஆலயப் பதிவேட்டில் உள்ள ரயில் குடியிருப்பு மக்களின் பெயர்களை, வயதோடும் அவர்கள் வாழ்ந்த கொட்டகைக் குடியிருப்பின் பெயரோடும், நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர் நின்று படிக்கும்படி முழுமையாகப் பொறித்து வையுங்கள். குழந்தைகளின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். ஆலயத்துப் பலகைக்கு அன்று உடன்தொழிலாளர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்தப் பலகைக்குப் பொதுமக்களிடம் பங்கு கேட்டால் கொடுக்க எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

சுண்ணாம்புச் சாந்து விதி, ஆய்வறிக்கை வெளியீடு, கொத்தனார் குழு, பெயர்ப் பலகை ஆகிய நான்கில் எவை தங்கள் தற்போதைய திட்டத்தில் உள்ளன, எவை இல்லை, இல்லாதவற்றுக்கு என்ன தடை என்பதைப் பொதுவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் தரும் மறுமொழியைத் தமிழில் பெயர்த்து இம்மடலைப் படித்தவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
மதிப்புடன்,
வட இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பயணி ஒருவர்